பஸ்தரில் மறுக்கப்படும் ஆறடி மண்: கண்டன அறிக்கை

சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் வட்டாரத்தில் கிறிஸ்தவர்களாக வாழும் பழங்குடி, பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் மறுக்கப்படுகிறது. இதையும், புதைத்த உடலையே தோண்டியெடுக்க வைக்கும் கும்பல் அடாவடியையும், அந்தக் கும்பலுக்கு வளைந்து கொடுக்கும் மாநில அரசையும் எங்கள் சங்கத்தின் செயற்குழு வன்மையாகக் கண்டிக்கிறது.

2025 டிசம்பரில் காங்கேர் மாவட்டம் ஆமாபேடா பகுதியில் நடந்தது இந்த அறிக்கைக்கு உடனடிக் காரணம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் ஒருவர், தன் தந்தையின் உடலைச் சொந்த நிலத்தில் புதைத்தார். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் நடந்தது என்று சொல்லி எதிர்ப்புக் கிளம்பியது. மோதல் மூண்டது, காவலர்களும் காயம்பட்டார்கள். கடைசியில் அந்த உடல் குழியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. வழிபாட்டுக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். ஊராட்சித் தலைவருக்கே இந்தக் கதி என்றால், அதே ஊரில் கூலி வேலைக்குப் போகிற விசுவாசி எந்த வாசலில் போய் நிற்பான்?

அந்த ஆண்டு தொடங்கியதும் இப்படித்தான். பஸ்தர் மாவட்டம் சிந்தவாடா கிராமத்தில் போதகர் ஒருவர் ஜனவரி 7ஆம் தேதி இறந்தார். தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா புதைக்கப்பட்ட ஊர் மயானத்திலேயே அப்பாவுக்கும் இடம் வேண்டும் என்று மகன் கேட்டார். ஊரார் மறுத்தார்கள். சரி, எங்கள் சொந்த நிலத்திலாவது புதைத்துக்கொள்கிறோம் என்றார். அதற்கும் தடை. உயர் நீதிமன்றமும் கைவிரித்த பிறகு வழக்கு டெல்லிக்குப் போனது. அதுவரை அந்த மனிதரின் உடல் பிணவறையில் கிடந்தது.

தகப்பனை அடக்கம் செய்ய ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை வர வேண்டியிருக்கிறதே என்று நீதிபதிகளே விசாரணையின்போது வருத்தப்பட்டார்கள். ஆனாலும் ஜனவரி 27ஆம் தேதி வந்த தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. குடும்பத்தின் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார் நீதிபதி பி.வி. நாகரத்னா. கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கிய இடத்தில்தான் புதைக்க வேண்டும் என்றார் நீதிபதி சதீஷ் சந்திர சர்மா. மூன்றாவது நீதிபதியிடம் அனுப்பினால் உடல் இன்னும் காத்துக்கிடக்கும் என்பதால், அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கர்காபாலில் அடக்கம் செய்ய உத்தரவிட்டார்கள். இருபது நாள் பிணவறை, பிறகு போலீஸ் பாதுகாப்போடு அயலூர் மண். சொந்த ஊர் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதே வழக்கில் நீதிபதி நாகரத்னா தன் தீர்ப்புரையில், மாநிலம் முழுவதும் கிறிஸ்தவர்களுக்கான கல்லறை இடங்களை இரண்டு மாதத்துக்குள் எல்லை வகுத்து ஒதுக்க வேண்டும் என்றும் அரசுக்கு உத்தரவிட்டிருந்தார். அந்தக் கெடு முடிந்து வெகுகாலம் ஆகிறது. எந்த ஊரில், எந்தப் புல எண்ணில், எவ்வளவு நிலம் ஒதுக்கினீர்கள் என்று சத்தீஸ்கர் அரசு ஊரறிய வெளியிடட்டும். சட்டம் ஒழுங்கு கெட்டுவிடும் என்பதுதான் அந்த அரசு நீதிமன்றத்தில் சொன்ன வாதம். சட்டம் ஒழுங்கைக் கெடுப்பவரை விட்டுவிட்டுப் பிணத்தை ஊர் கடத்துவது நிர்வாகமா?

எங்கள் எதிர்த்தரப்பார் கட்டாய மதமாற்றம் என்ற ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள். கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் மத்தியப் பிரதேசத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் சத்தீஸ்கருக்கும் வழிவழியாக வந்தது. மதமாற்றத்துக்குக் கட்டாயமோ ஆசைகாட்டலோ நடந்திருந்தால் சட்டப்படி வழக்குப் போடுங்கள், நீதிமன்றத்தில் நிரூபியுங்கள். இறந்துபோனவர் யாரைக் கட்டாயப்படுத்தினார்?

இது புதிதும் அல்ல. 2022 டிசம்பரில் நாராயண்பூர், கொண்டாகாவ் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான பழங்குடிக் கிறிஸ்தவர்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, குளிர் காலத்தில் விளையாட்டு அரங்கில் படுத்துக் கிடந்தார்கள். 2023 ஜனவரி 2ஆம் தேதி நாராயண்பூரில் தேவாலயம் தாக்கப்பட்டது. தடுக்கப் போன மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் மண்டையே உடைந்தது. பிறகு காங்கேரின் சில ஊர்களில் போதகர்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகை வைத்தார்கள். 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தப் பலகைகளை அகற்ற உத்தரவிட மறுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பை மதிக்கிறோம், ஏற்கவில்லை. ஒரு குடிமகன் சொந்த நாட்டில் எந்த ஊருக்குள் போகலாம் என்பதைச் சாலையோரப் பலகை முடிவு செய்ய முடியாது.

அரசைக் கண்டித்துவிட்டு அறிக்கையை முடித்துக்கொள்வது சுலபம். எங்கள் சபைகளுக்குச் சொல்ல வேண்டியது அதைவிட அதிகம்.

சிலுவையில் இறந்தவரின் உடலைக் கேட்கப் பன்னிரு சீடரில் யாரும் போகவில்லை. பிலாத்துவிடம் போய்க் கேட்டவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு. ஆலோசனைச் சபையில் இடம் பெற்றவர், பணம் படைத்தவர், இழக்க நிறைய இருந்தவர். தனக்கென வெட்டி வைத்திருந்த கல்லறையையும் அவரே கொடுத்தார். தமிழ்நாட்டுத் திருச்சபைகளிடம் கல்லூரிகள் இருக்கின்றன, மருத்துவமனைகள் இருக்கின்றன, பெயர் பெற்ற வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். பஸ்தரில் நடப்பதைப் பற்றிக் கேட்டால் பல நிர்வாகங்கள் ஜெபக் குறிப்பில் சேர்த்திருக்கிறோம் என்கின்றன. வெளிநாட்டு நன்கொடை உரிமம் ரத்தாகிவிடுமோ என்ற பயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. உரிமத்தைக் காப்பாற்றிக்கொண்டு யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்பதையும் அந்த நிர்வாகங்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மன்னிப்பைச் சொல்லி வழக்கைக் கைவிடச் சொல்லும் போதகர்களும் நம்மிடையே உண்டு. பவுல் அப்படி இருக்கவில்லை. ரோமக் குடியுரிமையை வாய் திறந்து சொன்னார், இராயன் வரை மேல்முறையீடு செய்தார். மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் தருவது. வழக்குப் போடுவது குடிமகனின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிக்கக் கூடாது. அதேபோல, எந்த ஊரில் எப்போது எடுத்தது என்றே தெரியாத காணொளியை வாட்ஸ்அப்பில் பரப்பி இன்னொரு மதத்தாரை ஏசுவதும் சாட்சி ஆகாது. ஒரு பொய்க் காணொளி பத்து உண்மை வழக்குகளைக் கெடுத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. இதைச் சொல்லக் கூடாது, எதிரிக்குச் சாதகமாகிவிடும் என்று செயற்குழுவிலேயே சிலர் தயங்கினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவர் ஊரறிந்தது. எறையூரில் 2008 மார்ச் 9ஆம் தேதி, ஒரே ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் சாதியாகப் பிரிந்து மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தலித் கிறிஸ்தவரின் சவ ஊர்வலம் எந்தத் தெருவழியே போகலாம் என்பதும் அந்தச் சண்டையில் ஒரு பங்கு. திருச்சபைக்குள் சாதித் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. பஸ்தரில் ஊரார் சொல்வதும், நம் ஊர்களில் பங்கின் பெரியவர்கள் சொல்வதும் ஒரே சொல்தான்: உன் பிணம் எங்கள் பக்கம் வரக் கூடாது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே சுடுகாட்டுக்குப் பாதை மறுக்கப்பட்டு, ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அவர் கிறிஸ்தவர் அல்ல. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பிரசங்க மேடைகளில் அது பேசப்பட்டது?

ஆகவே செயற்குழு கோருவது: சத்தீஸ்கர் அரசு மாநிலம் முழுவதும் கிறிஸ்தவர்களுக்கான கல்லறை இடங்களை ஒதுக்க வேண்டும், ஆமாபேடாவில் தீ வைத்தவர்கள் மீது கட்சிக் கொடி பார்க்காமல் வழக்கு நடத்த வேண்டும், விரட்டப்பட்ட குடும்பங்களைப் பாதுகாப்போடு ஊர் திரும்பச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு ஆயர்களும் பேராயர்களும் பஸ்தர் வழக்குகளுக்கென வழக்கறிஞர் குழுவையும் நிதியையும் ஏற்படுத்த வேண்டும். தங்கள் ஆளுகைக்குட்பட்ட கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவரோ, தனி வாசலோ, தனி வரிசையோ இருந்தால் அதை உடனே நீக்க ஆணையிட வேண்டும். வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன் எங்கள் கிளைகள் தத்தம் பகுதிக் கல்லறைத் தோட்டங்களை நேரில் பார்த்து அறிக்கை தரும். சுவர் நிற்கும் இடங்களின் பட்டியலை, பங்கின் பெயரோடு, வெளியிடுவோம்.

மாநிலச் செயற்குழு