நம் நோயாளர் குருதியின் கணக்கு

முழுநிலா இரவில் அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மேற்குப்புறத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலைக் கடந்து செல்லும் பெருங்கூட்டத்தில் புற்றுநோயோடு போராடுவோரும் நடக்கிறார்கள். தலையில் துணி சுற்றி, மருந்து ஏறிய நரம்பு கையில் கறுத்திருக்க, நேர்ந்துகொண்டபடி வலம்வரும் பெண்களை அப்பாதையை அறிந்தோர் கண்டிருப்பர். கூட்டத்துக்குள் போகாதீர்கள், தொற்று வந்துவிடும் என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். ஆயினும், இவரைத் தீநுண்மி எளிதில் வீழ்த்தும், அவரை அவ்வளவாக வருத்தாது என்று ஆளுக்கு ஆள் பிரித்துரைக்க அவரிடம் கருவி இல்லை. வெள்ளணுக்களை எண்ணிப் பார்த்து, வயதையும் நோயின் வகையையும் கொடுத்த மருந்தையும் கருதிப் பொதுவாக எச்சரிக்கிறார். அதற்குமேல் அவரால் இயலாது.

இக்குறையை நீக்கக்கூடும் என்று ஆய்வாளர் நம்பும் வழி, மரபணு வெளிப்பாட்டைக் கணக்கெடுப்பது. உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுதிதான் உள்ளது. சமையலறை அடுக்கில் எல்லாப் பண்டமும் இருந்தாலும் அன்று உலையேறுவது சிலவே என்பதுபோல, எந்த மரபணு எப்போது செயற்படுகிறது என்பது திசுவுக்குத் திசு, நாளுக்கு நாள் மாறும். செயற்படும் மரபணு தூது ஆர்என்ஏ என்னும் படியை எழுதி அனுப்புகிறது. அப்படிகளை எண்ணினால் உயிரணு அந்நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது புலப்படும். தீநுண்மி நுழைந்ததும் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதம் சுரந்து, எம்எக்ஸ்1, ஐஎஸ்ஜி15 முதலிய நூற்றுக்கணக்கான காப்பு மரபணுக்களை எழுப்புகிறது. எவர் உடலில் இவ்வெழுச்சி தளர்ந்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால், எவரை முதலில் காக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

2020-இல் கொரோனா பரவியபோது இவ்வழி விரைந்து கையாளப்பட்டது. அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம், 33 வகைப் புற்றுகளில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளரின் திசுக்களை ஆராய்ந்து, தரவைப் பொதுவில் வைத்திருந்தது. கொரோனாத் தீநுண்மி பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதத்துக்கான மரபணுவும், அத்தீநுண்மியின் முட்புரதத்தை வெட்டி வழிதிறக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 மரபணுவும் எந்தப் புற்றில் மிகுந்துள்ளன என்று அத்தரவில் தேடி, சில மாதங்களுக்குள் கட்டுரைகள் பல வெளிவந்தன.

இவற்றுள் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 மரபணுவின் கதை நம் கவனத்துக்கு உரியது. ஆண்மைச் சுரப்புநீரால் தூண்டப்படும் மரபணு அது. புராஸ்டேட் புற்றில் அது ஈஆர்ஜி என்னும் மற்றொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வதை 2005-இல் வெளியிட்டது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் நடத்தும் ஆய்வுக்குழு. அப்புற்றுக்கு அச்சுரப்புநீரை அடக்குவது ஒரு முக்கிய சிகிச்சை. அடக்கினால் மரபணு தணியும். தணிந்தால் கொரோனாவுக்கு வாயிலும் அடைபடும் என்பது எதிர்பார்ப்பு. இத்தாலியின் வெனட்டோ பகுதியில் அச்சிகிச்சை பெற்ற 5,273 பேரில் நால்வருக்கே தொற்று கண்டது என்ற 2020-ஆம் ஆண்டுக் கணக்கு அந்நம்பிக்கையை வளர்த்தது. பின்னர், அமெரிக்காவில் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்த முன்னாள் படைவீரர் 96 பேரிடம் அவ்வகை மருந்தொன்றை முறைப்படி சோதித்தார்கள். பயன் ஏதும் காணவில்லை என்று 2022-இல் முடிவு வெளியாயிற்று.

இதனால் அந்த அறிவியல் பொய் என்று ஆகிவிடாது. தரவு காட்டியது ஒரு தடயத்தை. அதனைத் தீர்ப்பாகக் கொண்டதே பிழை. பெருங்குடற் புற்றின் திசுவில் ஏசிஇ2 மிகுந்திருப்பதால், மூக்கின் வழியே வரும் தீநுண்மிக்கு அந்நோயாளி எளிதில் இரையாவார் என்று சொல்லிவிட இயலுமா? ஆர்என்ஏ படி மிகுந்திருந்தாலும் புரதம் எப்போதும் அதே அளவில் மிகுவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. குருதியில் நாம் எண்ணும் காப்பு மரபணுக்களின் ஆர்என்ஏ பெரும்பாலும் வெள்ளணுக்களிலிருந்து வருவது. கீமோவால் அவ்வணுக்களே அருகிப்போன நோயாளியிடம் காப்பு மரபணு குறைந்து காணப்பட்டால், காப்பு தளர்ந்ததா, காவலரே இல்லையா என்று பிரித்தறிதல் அரிது. எனவே, சேமித்த திசுவின் தரவு மட்டும் போதாது. அதே மனிதருக்குப் பின்னர்க் காய்ச்சல் வந்ததா, எந்தத் தீநுண்மியால் வந்தது, பிழைத்தாரா என்ற பதிவும் உடனிருத்தல் வேண்டும்.

அந்த அமெரிக்க வரைபடத் தரவில் பெரும்பங்கு வெள்ளை இனத்தாருடையது. நம்மவர் குருதி அங்கே மிகச் சிறுபான்மை. இங்கே நாம் வெறுங்கையோடும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் பல பத்தாண்டுகளாகப் புற்றுநோய்ப் பதிவேடு நடத்திவருகிறது. சென்னை ஐஐடி, மார்பகப் புற்று நோயாளர் 480 பேரின் திசுக்களை ஆராய்ந்து, பாரத் புற்றுநோய் மரபணு வரைபடத்தை 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. போற்றத்தக்க பணி. ஆனால் அது டிஎன்ஏவின் எழுத்துகளைப் படித்த பணி. மரபணு எந்நாளில் எவ்வளவு செயற்படுகிறது என்னும் கணக்கும், அதனோடு இணைந்த தொற்றின் பதிவும் இனிமேல்தான் வேண்டும்.

அதற்குத் தடை அறிவன்று, குளிர்ச்சி. ஆர்என்ஏ விரைவில் சிதைந்துவிடும். காக்கும் திரவம் நிரப்பிய குழாயில் உடனே எடுத்து, கடுங்குளிரில் வைத்தால்தான் நெடுங்காலம் நிற்கும். திருவண்ணாமலை மாவட்டத்து நோயாளர் சிகிச்சைக்காக வேலூருக்கும் காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கும் அடையாற்றுக்கும் பேருந்து ஏறுகிறார்கள். ஆனால் நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் சேர்வது அருகிலுள்ள அரசு மருத்துவமனையில். தொற்றின் உண்மை வெளிப்படும் அந்நேரத்துக் குருதி எவராலும் சேமிக்கப்படுவதில்லை. முதல் கீமோவுக்கு முன்பு ஒரு குழாய், காய்ச்சல் கண்ட நாளில் ஒரு குழாய் என எடுத்து வைக்க மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு உறைபெட்டியும் பயிற்சி பெற்ற ஊழியரும் தருவது அரசால் ஆகாத செயலன்று. தமிழக அரசு இதனைத் தொடங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

நோயாளியின் இசைவு இதில் முதன்மையானது. மரபணுத் தரவு ஒருவரைப் பற்றியது மட்டுமன்று. அவர் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் பற்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இசைவைத் தெளிவாக வற்புறுத்துகின்றன. ஆனால் வலியோடும் அச்சத்தோடும் அமர்ந்திருப்பவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடும்மா என்பது இசைவாகாது. தமிழில் எடுத்துச் சொல்லி, மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்று உறுதி கூறிப் பெறுவதே இசைவு.

அத்தரவு சேர ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாத கடமை ஒன்று இன்றே உண்டு. பலரின் ஈரலில் அறிகுறியின்றி உறங்கும் ஹெபடைடிஸ் பி தீநுண்மி, நிணநீர்ப் புற்றுக்குத் தரும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளால் விழித்தெழுந்து உயிரைப் பறிக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் 2013-இலேயே இதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டில் 2018-இல் தொடங்கிய தேசிய ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின்கீழ் இந்நோய்க்கான பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆதலின், தமிழகத்தின் எந்த மருத்துவமனையிலும், அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், ஹெபடைடிஸ் பி தீநுண்மியின் மேற்பரப்புப் புரதச் சோதனையும் அதன் உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்பொருட் சோதனையும் முடிந்து, முடிவு நோயாளியின் கோப்பில் ஏறிய பின்னரே கீமோவின் முதல் ஊசி போடப்படவேண்டும் என்று சுகாதாரத் துறை ஆணை பிறப்பிக்கட்டும்.