கம்ப்யூட்டர் சொன்னால் தீர்ப்பா?

1983-ல் உலகக் கோப்பையை வென்ற கபில்தேவ் அணியும், 2011-ல் வென்ற தோனி அணியும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? திருத்தணியில் எங்கள் தெருவில் இந்த விவாதம் முடிந்ததே இல்லை. போன கோடை விடுமுறையில் என் மகன் அதை எக்ஸெல்லில் முடித்து வைக்கப் பார்த்தான்.

முறை எளிமையானதுதான். பள்ளியில் ஆடிய புக் கிரிக்கெட் நினைவிருக்கிறதா? புத்தகத்தைத் திறந்து இடது பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்ப்போம். அது எப்போதும் இரட்டை எண். பூஜ்யம் வந்தால் அவுட். அதாவது சராசரியாக ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட். அங்கே கபில்தேவும் கடைசி ஆட்டக்காரரும் ஒன்றுதான். எக்ஸெல்லில் ஒவ்வொரு வீரருக்கும் தனி வாய்ப்பு கொடுக்கலாம். ராண்ட் என்ற பங்ஷன் 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணைத் தரும். அது எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்து, அவுட்டா, எத்தனை ரன் என்று பார்முலா முடிவு செய்யும். எஃப்9 கீயை அழுத்தினால் புதிய ஆட்டம் தயார்.

இன்டர்நெட்டில் கிடைத்த ஸ்கோர்கார்டுகளிலிருந்து விவரங்களை டைப் செய்து ஓட்டினான். எத்தனை முறை அழுத்தினாலும் 2011 அணிதான் வென்றது. 1983 இறுதி ஆட்டத்தை ரேடியோவில் கேட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர் நம்ப மறுத்தார். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு தாத்தா" என்றான் மகன். அவர் பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார். சில நாட்கள் திண்ணைக்கு வரவேயில்லை.

அந்தக் "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்ற பேச்சைத்தான் நான் ஏற்கவில்லை.

ஷீட்டைத் திறந்து பார்த்தேன். 1983 இறுதி ஆட்டம் 60 ஓவர். இந்தியா 54.4 ஓவரில் 183 ரன். ஓவருக்கு சுமார் 3.35. 2011 இறுதி ஆட்டம் 50 ஓவர். இந்தியா 48.2 ஓவரில் 277. ஓவருக்கு சுமார் 5.73. ஆனால் அந்த 183-ஐயே எட்ட முடியாமல் மேற்கிந்தியத் தீவுகள் 140 ரன்னில் ஆல் அவுட் ஆனது. 2011-ல் இலங்கையும் 274 எடுத்தது. விதிகளும் ஆடும் முறையும் மாறிவிட்ட இரு காலங்களின் ரன் வேகத்தை அப்படியே ஒன்றாகப் போட்டால், மோதுவது அணிகள் அல்ல, காலங்கள்.

ஒவ்வொரு வீரரின் கணக்கையும் அந்தந்தப் போட்டித் தொடரின் சராசரியோடு ஒப்பிட்டு மாற்றினோம். இரண்டு அணிக்கும் 50 ஓவர் வைத்தோம். இப்போது வெற்றி இரு பக்கமும் மாறி மாறி வந்தது. வீரர்கள் மாறவில்லை. எங்கள் அனுமானம்தான் மாறியது.

இது பழைய கதைதான். 1967-ல் அமெரிக்காவில் குத்துச்சண்டை சாம்பியன்களை என்.சி.ஆர் 315 கம்ப்யூட்டரின் கணக்கில் மோதவிட்டு ரேடியோவில் ஒலிபரப்பினார்கள். ஜிம் ஜெப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட முகமது அலி வழக்குப் போட்டார். பிறகு அலியையும் ராக்கி மார்சியானோவையும் வைத்துப் படம் எடுத்து 1970-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மார்சியானோ 13-வது சுற்றில் வென்றார். ஐரோப்பாவிலோ அலி வெல்வதாகக் காட்டினார்கள். ஊருக்கு ஒரு முடிவு என்றால் அது தீர்ப்பா?

சராசரி சொல்லாததும் உண்டு. 1983-ல் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு கபில்தேவ் அவுட் ஆகாமல் 175 எடுத்தார். எங்கள் ஷீட்டில் இதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை.

எனவே இப்படிச் செய்ய விரும்பும் வாசகர்களுக்கு என் யோசனை: அனுமானங்களை முதல் ஷீட்டிலேயே எழுதி வையுங்கள். ஓர் ஆட்டத்தை நம்பாமல் ஆயிரம் முறை ஓட்டி, யார் எத்தனை முறை வென்றார்கள் என்று எண்ணுங்கள். "கம்ப்யூட்டர் சொன்னது" என்பதற்குப் பதில் "இந்தக் கணக்குப்படி" என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நாளை அவர்கள் கம்ப்யூட்டரிடம் கேட்கப்போவது கிரிக்கெட்டை மட்டுமல்ல.

திருத்திய ஷீட்டோடு மகனையே பெரியவர் வீட்டுக்கு அனுப்பினேன். இப்போது அவர் தினமும் வருகிறார். 1983 இறுதி ஆட்டத்தில் அதிகபட்சமாக 38 ரன் எடுத்தவரும், 2011 அணியைத் தேர்வு செய்த குழுவின் தலைவரும் ஒரே ஸ்ரீகாந்த்தான் என்று சொல்லிச் சிரிக்கிறார். அடுத்து லக்ஷ்மணையும் சேர்க்க வேண்டுமாம். எங்கள் ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் குடும்ப வழியில் வந்தவர். 2001-ல் கொல்கத்தாவில் பாலோ-ஆன் ஆன பிறகு 281 எடுத்தவர். உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். அவருக்கு எந்தக் கணக்கைப் போடுவது என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.