பொன்முடி: இருபாற்கும் ஒரு பெயர்

"தூயதமிழ்ப் பெயரென்றால் ஆணா பெண்ணா என்றே விளங்கவில்லையே!" எனக் குறைகூறித் தம் மக்கட்குப் பொருள் விளங்கா அயற்பெயர் சூட்டுவோர் நாளும் பெருகுகின்றனர். அன்னோர் பொன்முடி என்னும் ஒரு பெயரை எண்ணிப் பார்ப்பாராக.

புறநானூற்றுப் பொன்முடியார் பெண்பாற் புலவராக எண்ணப்பெறுபவர். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகிய ஐவர்க்கும் உரிய கடமையை வகுத்த 312-ஆம் பாட்டு அவர் பாடியதே.

அப்பெயரையே பாவேந்தர் பாரதிதாசனார் தம் 'எதிர்பாராத முத்தம்' பாவியத்தில் பூங்கோதையின் காதலனுக்குச் சூட்டினார். அக்கதை 1950-இல் 'பொன்முடி' என்றே திரைப்படமாயிற்று. தெய்வசிகாமணி என்னும் விழுப்புரத்துக் கல்லூரி ஆசிரியர் பொன்முடி எனப் பெயர் பூண்டு 1989-இல் சட்டமன்றம் புகுந்தார், அமைச்சரும் ஆனார்.

பாட்டரசிக்குப் பொருந்திய பெயர் காதலனுக்கும் அமைச்சருக்கும் பொருந்தியதே! குழப்பம் எங்கே விளைந்தது? பொன்முடி வந்தாள், பொன்முடி வந்தான் எனத் தமிழில் வினைமுற்றே பால் காட்டிவிடும். பெயரும் காட்டித்தான் ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

வடபுலத்தார் கிரண் என்பதை இருபாலார்க்கும் இடுகின்றனர். அதை நாகரிகம் என ஏற்கும் தமிழன், தன் மொழிப்பெயரில் மட்டும் குறை காண்பானேன்? குறை பெயரில் இல்லை. அடிமை நெஞ்சில் உள்ளது.

பெற்றோரே! பிறப்பது மகளாயினும் மகனாயினும் தமிழ்ப்பெயர் சூட்டுக. பெயர் இழந்த இனம் முகம் இழந்த இனமாகும்!