மெல்லத் திறக்கட்டும் மதகு

தாம்பரம், அனகாபுத்தூர், மணப்பாக்கம் பக்கம் குடியிருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் நவம்பர் பிறந்ததும் டி.வி.யில் செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று பார்க்காமல் தூங்கியிருக்க மாட்டீர்கள். மொத்தம் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. வீட்டு லோன் பாக்கி மறந்தாலும் இது மறக்காது.

'எவ்வளவு திறந்தார்கள்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். 'எப்படித் திறந்தார்கள்?' என்று கேட்க வேண்டாமா?

2015 டிசம்பர் 1-ம் தேதி, விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கியது. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் வெள்ளம். ஆனால் திருநீர்மலைக்குக் கீழே செம்பரம்பாக்கம் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. மனிதர்களால் வந்த பேரிடர் என்று 2018-ல் வெளியான சி.ஏ.ஜி. அறிக்கையே சொல்லிவிட்டது.

இதில் ஒரு மூடநம்பிக்கை வேறு. 'பெரிய வெள்ளம் வந்தா ஆறு தானா சுத்தமாயிடும் சார்!' ஆகுமா? மாதக்கணக்கில் மெத்தை மாதிரி வளர்ந்த ஆகாயத்தாமரை பெயர்ந்து வந்து பாலத்தின் கண்களை அடைக்கும். தண்ணீர் உங்கள் வரவேற்பறைக்கு வரும். மிச்சக் குப்பை பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒதுங்கும். இதற்குப் பெயர் சுத்தமல்ல, விலாச மாற்றம்.

மீன் கதையைக் கேளுங்கள். புதுத்தண்ணீர் வந்தால் கெண்டையும் கெளுத்தியும் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு ஏறும். மடவைக் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். ஷட்டரைச் சட்டென்று தூக்கினால் அவை அடித்துக்கொண்டு போகும். சட்டென்று இறக்கினால் குட்டையில் மாட்டிச் சாகும்.

'மனுஷனே மிதக்கிறான், மீனுக்கு வக்காலத்தா?' என்பீர்கள். அப்படி அலட்சியப்படுத்தித்தான் 1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு காவிரியில் உள்ளம் மீனைத் தொலைத்தோம். அமெரிக்காவின் கொலம்பியா நதியிலோ, 1938-ல் பானவில் அணை கட்டும்போதே மீன் ஏறப் படிக்கட்டும் வைத்தார்கள். சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் பருவத்தில், மின்சாரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று மதகு வழியே தண்ணீர் விடுகிறார்கள். அதுவும் அளந்துதான். அதிகம் கொட்டினால் தண்ணீரில் காற்று மிதமிஞ்சிக் கரைந்து மீனுக்கே நோய் வரும்.

2019 கோடையில் ஏரி வறண்டது நினைவிருக்கிறது. சேர்த்து வைக்க நினைக்கும் அதிகாரியின் பயமும் நியாயம்தான். ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு சந்தேகம்: மாதம் முழுக்கப் பைசா செலவழிக்காமல் பூட்டி வைத்து, 30-ம் தேதி ராத்திரி பீரோவை ஜன்னல் வழியாகக் கவிழ்ப்பதற்குப் பெயர் சிக்கனமா?

முடியாத காரியமில்லை. 2020 நவம்பர் 25-ல், நிவர் புயலின்போது, 22 அடியைத் தொட்டதுமே 1,000 கன அடியில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினார்கள். மனிதருக்குச் செய்ததை மீனுக்கும் சேர்த்துச் செய்தால் போதும்.

செப்டம்பருக்குள் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையேற்றுங்கள்; கடலுக்குத் தள்ளாதீர்கள். வானிலை அறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். மூடும்போதும் அப்படியே. மணிவாரிக் கணக்கை ஊருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் இதை ஆகஸ்டிலேயே கேளுங்கள். டிசம்பரில் மொட்டைமாடியில் நின்றுகொண்டு கேட்டால், பதில் படகில்தான் வரும்.