போலீஸ் காரில் கேமரா: செட்டிங்ஸ் யார் கையில்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் முதலில் கற்றுக் கொள்வது என்ன? பைலை சேவ் செய்வதும், டெலீட் செய்வதும்தான். பைல் எங்கே சேவ் ஆகிறது, யார் அதை அழிக்கலாம், அழித்ததைத் திரும்பப் பெற முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இதே மூன்று கேள்விகளைப் போலீஸ் ரோந்து கார்களில் பொருத்தப்படும் வீடியோ கேமராக்களைப் பற்றியும் நாம் கேட்க வேண்டும். "கேமரா வைத்து விட்டோம், இனி எல்லாம் வெளிப்படை" என்று அறிவிப்பது எளிது. ஆனால் அந்தக் கேமரா எதைப் பதிவு செய்யும், எத்தனை நாள் வைத்திருக்கும் என்பதை முடிவு செய்வது அதன் செட்டிங்ஸ். படம் பிடிக்கப்படுகிறவரிடமே அந்த செட்டிங்ஸை மாற்றும் அதிகாரம் இருந்தால், கேமரா இருந்தும் பயனில்லை. இந்த விஷயத்தில் அதிக அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. எனவே அங்கே நடந்தவற்றைப் பார்ப்போம்.

எப்படி வேலை செய்கிறது?

1990களில் அமெரிக்க ரோந்து கார்களின் டிக்கியில் ஒரு பூட்டிய பெட்டி இருக்கும். அதற்குள் நம் வீட்டில் இருந்தது போன்ற வி.எச்.எஸ். ரெக்கார்டர். 2000ஆம் ஆண்டில் மத்திய நீதித்துறை, கேமரா வாங்க மாநிலப் போலீசாருக்கு நிதி தரத் தொடங்கியது. அப்போது மாநிலப் போலீஸ் கார்களில் 11 சதவீதத்தில்தான் கேமரா இருந்தது. நான்கே ஆண்டுகளில் இது 72 சதவீதம் ஆனது. பிறகு டேப் போய் ஹார்ட் டிஸ்க்கும் மெமரி கார்டும் வந்தன.

இப்போதைய கேமராக்கள் பொதுவாக இப்படி இயங்குகின்றன. கேமரா எப்போதும் பார்த்துக் கொண்டே இருக்கும். ஆனால் கடைசி 30 விநாடி அல்லது ஒரு நிமிடக் காட்சியை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டு, பழையதை அழித்தபடி இருக்கும். போலீஸ்காரர் சுழல் விளக்கைப் போட்டவுடன் ரெக்கார்டிங் தானாகத் தொடங்கும். நினைவில் இருந்த அந்தச் சில விநாடிகளும் முன்னால் சேர்ந்து கொள்ளும். போலீஸ்காரரின் உடையில் ஒரு வயர்லெஸ் மைக் இருக்கும். அதன் ஒலியைக் காரில் உள்ள ஆன்டெனா வாங்கிப் படத்துடன் சேர்க்கும். கார் நிலையத்துக்குத் திரும்பியதும் பைல்கள் சர்வருக்குப் போகும். குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தானாக அழியும்.

விளக்கு, மைக், சர்வர், டெலீட் என்று இதில் நான்கு கட்டங்கள் உள்ளன. நான்கிலும் தவறு நடக்க வாய்ப்பு உண்டு. நடந்தும் இருக்கிறது.

ஒலி இல்லாத படம்

2014 அக்டோபர் 20ஆம் தேதி சிகாகோவில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயது இளைஞரை ஒரு போலீஸ் அதிகாரி 16 முறை சுட்டார். இளைஞர் கத்தியுடன் போலீசாரை நோக்கிப் பாய்ந்தார் என்றே முதலில் சொல்லப்பட்டது. ரோந்து காரின் கேமராவில் பதிவான காட்சியோ அவர் விலகி நடந்து செல்வதைக் காட்டியது. அந்த வீடியோ பொதுமக்களின் பார்வைக்கு வர 13 மாதங்கள் ஆயின. அதுவும் நீதிமன்ற உத்தரவால், 2015 நவம்பர் 24 அன்று. அதே நாளில்தான் அந்த அதிகாரி மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2018ல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

அந்த இடத்தில் பல போலீஸ் கார்கள் நின்றன. ஒன்றிலாவது பயன்படும்படி ஒலி பதிவாகவில்லை. வழக்கை ஒட்டிச் சிகாகோ காவல் துறை தன் கேமராக்களை ஆராய்ந்தபோது, 80 சதவீத கேமராக்களில் ஒலி சரியாகப் பதிவாகவில்லை என்று தெரிந்தது. இயக்கத் தெரியாமல் செய்த தவறுகளுடன், வேண்டுமென்றே கெடுத்ததும் ஒரு காரணம் எனக் கூறப்பட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இன்னும் நேரடியாக நடந்தது. அங்கே ஒரு காவல் சரகத்தில் இருந்த சுமார் 80 கார்களில் ஏறக்குறைய பாதியில் ஆன்டெனாவைக் காணோம். 2013ல் கண்டுபிடிக்கப்பட்ட இது, 2014ல்தான் வெளியே தெரிந்தது. பிறகு ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆன்டெனா இருக்கிறதா என்று எழுதி வைக்க வேண்டும் என விதி வந்தது. பல லட்சம் செலவில் வாங்கிய கருவியை வீணாக்க, ஒரு சின்ன ஆன்டெனாவைக் கழற்றினால் போதும் என்பதைக் கவனியுங்கள்.

நம்ப முடியாத காப்பி

2015 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தில் சான்ட்ரா பிளாண்ட் என்ற பெண், சிக்னல் காட்டாமல் பாதை மாறினார் என்று நிறுத்தப்பட்டுக் கைது செய்யப்பட்டார். மூன்று நாட்களில் சிறையில் இறந்து போனார். ரோந்து காரின் வீடியோவை டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறை யூடியூபில் வெளியிட்டது. அதில் ஒரு கார் திடீரென மறைகிறது. ஓர் ஆள் நடந்ததே மீண்டும் நடக்கிறார். "எடிட் செய்து விட்டார்கள்" என்று மக்கள் கொதித்தனர். பைலை ஏற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் அளித்த துறை, மறுநாள் வேறு பைலை ஏற்றியது.

கோளாறாகவே இருக்கட்டும். ஒரு முறை எழுந்த சந்தேகம் அடுத்த பைலால் தீர்ந்து விடுமா? இங்கே கம்ப்யூட்டரிலேயே ஒரு வழி இருக்கிறது. எந்த பைலுக்கும் அதன் விரல் ரேகை போல ஒரு நீளமான எண்ணைக் கணக்கிடலாம். இதை ஹாஷ் என்பார்கள். பைலில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். காரிலிருந்து வீடியோ இறங்கிய உடனே ஹாஷைக் கணக்கிட்டு, காவல் துறைக்கு வெளியே ஓரிடத்தில் பதிவு செய்துவிட்டால், பிறகு வெளியாகும் பைல் அதேதானா என்று எவரும் சோதிக்கலாம். யூடியூப் போன்ற தளங்கள் வீடியோவைத் தம் வசதிக்கு மாற்றி அமைப்பதால் அங்கே ஹாஷ் பொருந்தாது. எனவே ஒரிஜினல் பைலையே டவுன்லோட் செய்யத் தர வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது?

"எல்லாவற்றையும் வைத்திருக்க இடம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேர வீடியோவுக்கு 1.8 ஜி.பி. தேவை. 8 மணி நேர ஷிப்டுக்கு 14.4 ஜி.பி. நாளுக்கு ஒரு ஷிப்டு என்று வைத்தாலும், 100 கார்களுக்கு 90 நாளில் சுமார் 130 டி.பி. ஆகும். வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் நேரத்தை மட்டும், நாளுக்கு 2 மணி என வைத்துப் பதிவு செய்தால் இது நான்கில் ஒரு பங்காகக் குறையும். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் எந்த அரசுக்கும் இது பெரிய தொகை இல்லை.

டெக்சாஸ் மாநிலம் 2001லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. வாகனச் சோதனையின் பதிவைக் குறைந்தது 90 நாள் வைத்திருக்க வேண்டும். புகார் வந்துவிட்டால் அது முடியும் வரை அழிக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கு யோசித்துப் புகார் கொடுக்க அவகாசம் வேண்டும் அல்லவா?

அழிக்கும் செட்டிங் எவ்வளவு முக்கியம் என்பதை நமக்குக் காட்டியது சாத்தான்குளம். அங்கே இருந்தது நிலையத்தின் சி.சி.டி.வி.தான் என்றாலும் பிரச்னை ஒன்றே. 2020 ஜூன் 19 அன்று அந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் அடுத்த சில நாட்களில் இறந்தனர். விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டது என்ன? ஹார்ட் டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தது. ஆனாலும் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. கேமராக்கள் இருந்தன, இடம் இருந்தது, அந்த இரவின் பதிவு மட்டும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையக் கேமராக்களில் ஒலியும் பதிவாக வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடங்களிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது.

போலீசாருக்கும் நல்லதே

"எங்களை நம்பவில்லையா?" என்று போலீசார் வருந்தலாம். ஆனால் நீதித்துறை நிதியளித்த அந்தத் திட்டத்தை ஆராய்ந்தபோது, வீடியோ இருந்த புகார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் போலீசார் மீது தவறில்லை என்றே தெரிய வந்தது. நேர்மையான அதிகாரிக்கு முழுமையான பதிவுதான் சிறந்த சாட்சி. பாதியில் நின்றுபோன பதிவு அவரையும் சேர்த்தே சந்தேகத்தில் தள்ளும்.

தனிமனித அந்தரங்கம் பற்றிய கவலையும் உண்டு. விபத்தில் அடிபட்டவரும், பயந்து நிற்கும் குழந்தையும் படத்தில் இருப்பார்கள். அவர்கள் முகத்தை மங்கலாக்கி வெளியிடச் சாதாரண எடிட்டிங் சாப்ட்வேரே போதும். வீடியோவையே மூடி வைக்க இதைக் காரணமாகக் காட்டக் கூடாது.

இருக்க வேண்டிய விதிகள்

1. சுழல் விளக்கு எரிந்தால் ரெக்கார்டிங் தானாகத் தொடங்க வேண்டும். சம்பவம் முடியும் முன் நிறுத்தினால், காரணத்தைப் பேசிப் பதிவு செய்த பிறகே நிறுத்த வேண்டும்.

2. ஒலி கட்டாயம். ஷிப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மைக்கைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். பழுதான கேமராவுடன் கார் கிளம்பக் கூடாது.

3. பைல் இறங்கியதும் ஹாஷ் பதிவாக வேண்டும். யார் பார்த்தார், யார் காப்பி எடுத்தார் என்பது லாக் பைலில் இருக்க வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் அந்த நிலையத்தில் எவரிடமும் இருக்கக் கூடாது.

4. குறைந்தபட்ச நாட்களைச் சட்டமே சொல்ல வேண்டும். புகார் வந்தவுடன் பைல் லாக் ஆக வேண்டும்.

5. துப்பாக்கிச் சூடு, காவல் மரணம் போன்றவற்றில் வீடியோவை வெளியிட நாள் குறிக்க வேண்டும். சிகாகோ 2016ல் 60 நாள் என்று வைத்தது. தேவைப்பட்டால் மேலும் 30 நாள்.

6. இருக்க வேண்டிய பதிவு இல்லையென்றால், ஏன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு காவல் துறையுடையது. புகார் கொடுத்தவர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

இந்த ஆறில் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் மூன்றாவதைச் சொல்வேன். அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டிலோ கடையிலோ கேமரா இருந்தால், அதன் மெனுவைத் திறந்து, பதிவு எத்தனை நாள் நிற்கிறது, எப்போது பழையதன் மேல் எழுதுகிறது என்று இன்றே பாருங்கள். அடுத்த முறை ஓர் அமைச்சரோ அதிகாரியோ "இத்தனை வாகனங்களில் கேமரா பொருத்தியிருக்கிறோம்" என்று சொல்லும்போது, எண்ணிக்கையோடு நின்று விடாமல், "எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் அழிக்கலாம்?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?