கீழாநெல்லிக்குப் பிறகு என்ன ஆச்சு?

ரெண்டு மழை சேர்ந்தாப்ல பெஞ்சா போதும், எங்க சாணார்பட்டிப் பக்கம் வரப்புலயும் மாந்தோப்பு நிழல்லயும் கீழாநெல்லி தானா முளைச்சு நிக்கும். யாரும் விதைக்கிறதில்ல, யாரும் தண்ணி பாய்ச்சுறதில்ல. ஒரு வீட்டுல மஞ்சக்காமாலைன்னு சொன்னா, கால் முதல்ல போறது ஆஸ்பத்திரிக்கு இல்ல, வரப்புக்குத்தான். வேரோட பிடுங்கி, கழுவி, அரைச்சு, மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடிக்கணும். கூடவே எண்ணெய் இல்லாத பத்தியம். எங்க பாட்டன் காலத்துல இருந்து இதுதான் முறை.

இப்போ புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. இதே வைத்தியம் வாட்ஸ்அப்ல திரும்பி வருது. சென்னையில, பெங்களூருல, துபாயில இருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் அனுப்புறாங்க. கூடவே ஒரு வரி: "வெளிநாட்டு விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டாங்க." கிராமத்து ஜனங்க கண்டதை நம்பி உடம்பைக் கெடுத்துக்கிறாங்கன்னு நகரத்துல அடிக்கடி பேசுறாங்க. அந்தக் கண்டதை யார் அனுப்புறாங்கன்னும் கொஞ்சம் பேசணும்ல? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாமா வேண்டாமான்னு ஒரு குடும்பம் யோசிச்சிட்டு இருக்கிற நேரத்துல, படிச்ச பிள்ளை அனுப்பின ஒரு வரிதான் அந்த முடிவை எடுக்குது.

அதனால என் கருத்தை நேரடியாவே சொல்லிடுறேன். உடம்பு சம்பந்தமான ஒரு சேதியை ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, மருத்துவ நூலகத்துல ஒரு தடவை பார்த்துட்டு அனுப்புங்க. அந்த நூலகம் இன்னைக்கு உங்க கையில இருக்கிற போன்லயே திறந்து கிடக்கு. ஆனா அதோட வாசல் இங்கிலீஷ்ல இருக்கு. அந்த வாசலைத் தாண்டிப் போய்ப் பார்த்துச் சொல்ற பொறுப்பு படிச்ச உங்களுக்கும் இருக்கு, எங்ககிட்ட வரி வாங்குற நூலகத்துக்கும் இருக்கு.

கீழாநெல்லியையே எடுத்துக்குவோம். "வெளிநாட்டு விஞ்ஞானிகள்"ங்கிற அந்த வரி முழுப் பொய் இல்ல. 1988ல 'லான்செட்'ங்கிற புகழ்பெற்ற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதைச் செஞ்சது நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜன் குழு. கூட நின்னவர் பரூச் பிளம்பர்க், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் பரிசு வாங்கினவர். காய வெச்ச கீழாநெல்லிப் பொடியை ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு மூணு வேளை, 30 நாள் கொடுத்தாங்க. மருந்து சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல அந்தக் கிருமியோட அடையாளம் மறைஞ்சிருந்துச்சு. மருந்தில்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சது. நம்ம வரப்புச் செடிக்குக் கிடைச்ச பெரிய மரியாதை அது.

வாட்ஸ்அப் சேதி இந்த இடத்துல நின்னுடும். நூலகம் நிக்காது. "அதுக்குப் பிறகு என்ன ஆச்சு?"ன்னு அடுத்த பக்கத்தைப் புரட்டும். 1990ல தாய்லாந்துல இதே செடியை, இதே மாதிரி கிருமி உள்ளவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அங்க கிருமி போகல. அதுக்கப்புறம் பல இடத்துல பல சோதனைகள் நடந்துச்சு. 2011ல காக்ரேன்ங்கிற அமைப்பு, கீழாநெல்லி இனச் செடிகளை வெச்சு நடந்த 16 சோதனைகளை, மொத்தம் 1326 நோயாளிகள், ஒண்ணாச் சேர்த்து அலசுனாங்க. இந்தச் செடி மட்டும் ஹெபடைடிஸ் பி-யைக் குணப்படுத்தும்னு சொல்ற அளவுக்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கல. கிருமி மருந்தோட சேர்த்துக் கொடுத்தா பலன் இருக்கலாம்னு சில சோதனைகள் காட்டுச்சு, ஆனா அந்தச் சோதனைகளோட தரம் போதாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க.

விவசாயிக்கு இது புரியாத விஷயம் இல்ல. ஒரு தோட்டத்துல ஒரு போகம் நல்லா வெளைஞ்சதைக் காட்டி விதை விக்க வர்றவரை நாம உடனே நம்புறோமா? செம்மண்ணுல எப்படி, கரிசல்ல எப்படி, மழை கம்மியான வருசம் எப்படின்னு நாலு பேர்கிட்ட கேட்டுட்டுத்தானே விதையில கை வைக்கிறோம். காக்ரேன் செய்யறதும் அதேதான். ஒரு தோட்டத்து விளைச்சலை மட்டும் பார்க்காம, எல்லாத் தோட்டத்துக் கணக்கையும் வாங்கிப் பார்க்குறது.

இன்னொரு விஷயமும் அந்த 1988 ஆய்வைப் படிச்சாத்தான் தெரியும். அவங்க சோதிச்சது கண்ணு மஞ்சளாகி வந்தவங்களை இல்ல. வெளியில அறிகுறி தெரியாம, ரத்தத்துல கிருமியை நாள்பட வெச்சிருந்தவங்களை. ஆனா ஊருக்கு வர்ற சேதி, "எல்லா மஞ்சக்காமாலையும் போகும்"னு வருது. மஞ்சக்காமாலைங்கிறது ஒரே நோய் இல்ல, அது ஒரு அறிகுறி. கெட்ட தண்ணியில வர்ற ஹெபடைடிஸ் ஏ, ஈ-யா இருக்கலாம். ரத்தம் வழியா வர்ற பி, சி-யா இருக்கலாம். வயல் தண்ணியில எலி மூத்திரம் கலந்து வர்ற எலிக்காய்ச்சலா இருக்கலாம். பித்தப்பைக் கல்லு குழாயை அடைச்சிருக்கலாம். சாராயமா இருக்கலாம், அளவுக்கு மீறிப் போட்ட காய்ச்சல் மாத்திரையாவும் இருக்கலாம்.

இதுல ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானாவே சரியாயிடும். மூணு நாள் கீழாநெல்லி குடிச்சவருக்கும் சரியாகும், குடிக்காதவருக்கும் சரியாகும். பேரு மட்டும் செடிக்குப் போகும். ஆனா கல்லு அடைச்சதுக்கு மோர்ல கலக்கிக் குடிச்சா, அங்க போறது நேரம். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தா உயிருக்கே ஆபத்தாகலாம். பி கிருமி பல வருசம் சத்தமில்லாம இருந்து ஈரலைச் சுருக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். இந்த பி-க்கும் சி-க்கும் இலவசப் பரிசோதனையும் மருந்தும் கொடுக்கிற தேசியத் திட்டம் 2018லயே வந்தாச்சு. அரசாங்க ஆஸ்பத்திரியில கேட்டு வாங்க வேண்டிய மருந்து ஒரு பக்கம் இருக்க, செடியை மட்டும் நம்பி வருசத்தை ஓட்டுறவங்களை நினைச்சாத்தான் எனக்கு மனசு ஆறல.

சரி, எங்க போய்ப் பார்க்கிறது? மூணு இடம் சொல்றேன். முதல்ல மெட்லைன்பிளஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் பொதுமக்களுக்காக 1998ல இருந்து நடத்துறது. விளம்பரம் கிடையாது, எளிமையான இங்கிலீஷ். ரெண்டாவது பப்மெட், அதே நூலகத்தோட ஆராய்ச்சிக் கட்டுரைப் பட்டியல். 1997ல இருந்து எல்லாருக்கும் இலவசம். முழுக் கட்டுரை எல்லாத்துக்கும் கிடைக்காது, ஆனா பெரும்பாலானதுக்குச் சுருக்கம் கிடைக்கும். மூணாவது காக்ரேன் நூலகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007ல நம்ம வரிப்பணத்துல சந்தா கட்டி, இந்தியாவுல யாரு வேணாலும் படிக்கலாம்னு ஏற்பாடு செஞ்சது. சந்தா இருந்தாலும் இல்லாட்டியும் அதோட எளிய சுருக்கங்கள் எல்லாருக்கும் இலவசம், சிலது தமிழ்லயே இருக்கு. வேலூர் சி.எம்.சி.யில காக்ரேனுக்கு ஒரு மையமே இயங்கியிருக்கு.

தேடும்போது ஒரு சின்னச் சூட்சுமம். கீழாநெல்லின்னு போட்டா அங்க ஒண்ணும் சிக்காது. பைலாந்தஸ் அமாரஸ்ங்கிற அதோட அறிவியல் பேரை ஆங்கில எழுத்துல போடணும். படிக்கும்போது மூணு கேள்வி போதும். யாருக்குக் கொடுத்துப் பார்த்தாங்க? எதோட ஒப்பிட்டாங்க? அப்புறம் வேற யாராவது செஞ்சு பார்த்து அதே பலன் வந்துச்சா? இதுக்குப் பதில் இல்லாத சேதியை அனுப்பாம விட்டாலே பெரிய புண்ணியம்.

மருத்துவத்தைத் தமிழ்ல சொல்ல முடியாதுன்னு சிலர் சொல்வாங்க. யாழ்ப்பாணத்து மானிப்பாய்ல சாமுவேல் பிஸ்க் கிரீன்ங்கிற அமெரிக்க டாக்டர் 150 வருசத்துக்கு முன்னாடியே தமிழ்ல மருத்துவம் சொல்லிக் கொடுத்து டாக்டர்களை உருவாக்கியிருக்கார். உடற்கூறுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', அறுவை மருத்துவத்துக்கு 'இரணவைத்தியம்'னு தமிழ்ல பாடநூலே கொண்டு வந்தார். அன்னைக்கு அச்சு எழுத்தைக் கோத்து முடிஞ்ச காரியம், இன்னைக்கு முடியாதா?

அடுத்தது அரசாங்கத்துக்கு. நாங்க வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறோம். 1948லயே பொது நூலகச் சட்டம் கொண்டு வந்த மாநிலம் இது, இந்தியாவுலயே முதல்ல. திண்டுக்கல்லுக்கு 2022ல அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. மருத்துவக் கல்லூரின்னா நூலகம் இருக்கும், சமுதாய மருத்துவத் துறையும் இருக்கும். வாரத்துல ஒரு நாள், ரெண்டு மணி நேரம், ஒரு மேசை, ஒரு நூலகர், ஒரு இளம் டாக்டர். ஜனங்க கேள்வியோட வரட்டும். அடிக்கடி வர்ற கேள்விக்கு ஒரு பக்கத்துல தமிழ்ல பதில் எழுதி ஊர்ப்புற நூலகங்களுக்கு அனுப்பட்டும். காலையில பேப்பர் படிக்க வர்ற பெரியவங்க அதையும் படிப்பாங்க, டீக்கடையில நாலு பேருக்குச் சொல்வாங்க. மும்பையில அனிருத்த மல்பானிங்கிற டாக்டர் 1990கள்லயே பொதுமக்களுக்குன்னு ஒரு இலவச மருத்துவ நூலகம் தொடங்கினார். தனி மனுசரால முடிஞ்சது, ஒரு மாவட்டத்தால முடியாதா?

டாக்டர்கள் சிலருக்கு இது பிடிக்காமப் போகலாம். போன்ல படிச்சுட்டு வந்து கேள்வி கேக்குறாங்கன்னு சலிச்சுக்கிறாங்க. அவங்க வருத்தத்துலயும் நியாயம் இருக்கு, கண்ட வீடியோவைப் பார்த்துட்டுப் போய் வாதாடுறவங்களும் இருக்காங்க. நூலகம் டாக்டருக்குப் பதில் இல்ல. டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிற இடம். "எனக்கு எந்த வகை காமாலை? பி, சி பரிசோதனை எடுத்தாச்சா?"ன்னு ஒரு கூலித்தொழிலாளி கேட்டா, அது அவரோட உரிமை. அதே நேரம், கண்ணு மஞ்சளாகி ஆளு பிதற்றினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, கர்ப்பிணியா இருந்தாலோ எதையும் தேடிட்டு இருக்காதீங்க. 108க்குக் கூப்பிடுங்க.

நாட்டு வைத்தியத்தை இழிவு பண்றேன்னு யாரும் கோவிச்சுக்க வேண்டாம். கீழாநெல்லியை முப்பது வருசத்துக்கு மேல மதிச்சு, சோதிச்சு, கணக்கு எழுதி வெச்சிருக்கிறது அந்த நூலகம்தான். ஒரு வரியில புகழ்ந்துட்டுப் போறது வாட்ஸ்அப். எது உண்மையான மரியாதைன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஊர்ல உங்க அம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ அடுத்து ஒரு வைத்தியக் குறிப்பு அனுப்பத் தோணுச்சுன்னா, அஞ்சு நிமிசம் ஒதுக்கித் தேடிட்டு, கண்டதைத் தமிழ்ல நாலு வரி எழுதி அனுப்புங்க. இங்க உங்க பேரைப் பார்த்துத்தான் அதை நம்புறாங்க.