திறந்த தொட்டியும் திருமலைச் சிறுத்தையும்

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி இரவு, அலிபிரி நடைபாதை வழியாகப் பெற்றோருடன் திருமலைக்கு ஏறிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கவ்விச் சென்றது. நெல்லூர்ப் பக்கத்துக் குடும்பம். லட்சுமி நரசிம்மர் கோயிலுக்கு அருகில் வரும்போது குழந்தை சற்று முன்னால் ஓடியிருக்கிறாள். மறுநாள் காலையில் சடலம்தான் கிடைத்தது. அதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன், ஜூன் 22-ந் தேதி இரவிலும், இதே பாதையில் ஒரு மூன்று வயதுச் சிறுவனைச் சிறுத்தை தூக்கியது. கூடியிருந்தவர்கள் போட்ட கூச்சலில் விட்டுவிட்டு ஓடியதால் அந்தப் பிள்ளை பிழைத்தான்.

அதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் நினைவிருக்கும். வனத்துறையார் கூண்டு வைத்தார்கள். அந்தச் செப்டம்பர் மாதத்துக்குள் ஆறு சிறுத்தைகள் பிடிபட்டன. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைபாதையில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் தீர்மானித்தது. இரவு நேரத்தில் மலைப்பாதையில் இருசக்கர வாகனங்கள் நிறுத்தப்பட்டன. நடந்து போகும் பக்தர் கையில் ஒரு கம்பு கொடுக்கப்பட்டது. கம்பு விஷயம் நாடெங்கும் கேலிப் பேச்சாயிற்று. கம்பை வைத்துக்கொண்டு சிறுத்தையை அடிக்க முடியுமா என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்காதவர்கள் இல்லை.

அந்தக் கேலியில் வேறொரு விஷயம் அடிபட்டுப் போயிற்று. பிராணிகளுக்குத் தீனி போடக்கூடாது, வழியிலுள்ள கடைக்காரர்கள் மிச்சம் மீதியை வெளியில் கொட்டக்கூடாது என்றும் அப்போது சொல்லப்பட்டது. இதைப் பற்றி டீக்கடை பெஞ்சில் பேச்சே இல்லை. உண்மையில் இதுதான் பேச வேண்டிய விஷயம்.

சிறுத்தை தயிர்சாதம் தின்பதில்லை. புளியோதரைப் பொட்டலத்தைத் தேடி அது காட்டை விட்டு வருவதும் இல்லை. ஆனால் தயிர்சாதத்துக்கு நாய் வரும். பன்றி வரும். குரங்குக்குச் சொல்லவே வேண்டாம். நாயும் பன்றியும் ஒரே இடத்தில், தினமும் ஒரே நேரத்தில், பயமில்லாமல் கூடினால், அதைப் பார்த்துச் சிறுத்தை வரும். மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற கிராமப்புறப் பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2014-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. அங்கே சிறுத்தை தின்ற இறைச்சியில் எடைக் கணக்குப்படி 39 சதவீதம் நாய்! ஆட்டையும் மாட்டையும்விட நாய்தான் அதற்குப் பிடித்தமான இரை. நாய்க்குச் சாப்பாடு போடுவது எது? மூடியில்லாத குப்பைத் தொட்டி.

குப்பை ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேஷாசலம் காடு சிறுத்தையின் சொந்த வீடு. 1989-ல் அதன் ஒரு பகுதி ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா ஆயிற்று. 2010-ல் அந்த மலைத்தொடர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டின் நடுவே 3,550 படிகளில் மனிதர் ஏறிப் போகிறார்கள். சிறுத்தை குறுக்கே வராமல் இருக்க வேண்டும் என்றால் அது சிறுத்தையின் கையில் மட்டும் இல்லை. காட்டைக் காலி செய்ய முடியாது. பக்தர்களை நிறுத்தவும் முடியாது. பாதையோரத்தில் விருந்து வைக்காமல் இருக்கலாம். அது முடியும்.

இனி மூடிக்கு வருவோம். ஊரில் எத்தனையோ தொட்டிகள் வைக்கிறார்கள். புதிதாக வைத்த அன்றைக்கு மூடி இருக்கிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மூடி பின்னால் மல்லாந்து தொங்குகிறது. ஆறு மாதம் கழித்து மூடியே இருப்பதில்லை. இரும்பு மூடியாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் வெயிலில் காய்ந்து கீல் உடைந்துவிடுகிறது. ஆனால் திருட்டையும் வெயிலையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கீல் நன்றாக இருக்கும் தொட்டியும் திறந்துதான் கிடக்கிறது.

காரணம், அந்த மூடியைத் தொட யாருக்கும் மனம் வருவதில்லை. “அதைத் தொடாதே, சீ!” என்று சொல்லித்தான் குழந்தையை வளர்க்கிறோம். வளர்ந்த பிறகு அந்தக் குழந்தை என்ன செய்யும்? ஐந்து அடி தூரத்தில் நின்றுகொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, பையை வீசும். பாதி உள்ளே, பாதி வெளியே. வசதிக்காக யாரோ ஒரு புண்ணியவான் மூடியைத் தூக்கிக் கயிற்றால் பின்னுக்குக் கட்டியே வைத்துவிடுவார். நாம் தொடக் கூசுகிற அந்த மூடியையும், அதற்குள் இருப்பதையும், கீழே சிதறியதையும், விடியற்காலையில் ஒரு துப்புரவுப் பணியாளர்தான் தொடுகிறார். இரவில் நாய் கவிழ்த்த தொட்டி அவருக்கு இரட்டிப்பு வேலை. அதற்கு இரட்டிப்புச் சம்பளம் கிடையாது.

மூடியைச் சும்மா மேலே வைப்பதும் போதாது. குரங்கு உள்ள ஊரில் அது மூடாததற்குச் சமம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் கொண்டைக் கிளிகள் குப்பைத் தொட்டி மூடியை அலகால் தூக்கித் திறக்கக் கற்றுக்கொண்டன. ஒன்றைப் பார்த்து ஒன்று படித்துக்கொண்டு பேட்டை பேட்டையாக அந்த வித்தை பரவியது என்று 2021-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். வீட்டுக்காரர்கள் மூடியின் மேல் செங்கல் வைத்தார்கள். கிளிகள் செங்கல்லைத் தள்ளிவிட்டன. பறவைக்கே இவ்வளவு சாமர்த்தியம் என்றால், கையும் விரலும் உள்ள திருமலைக் குரங்கை என்ன சொல்ல! கதவுக்குப் போடுவது போல மூடிக்குக் கொண்டி வேண்டும். மனிதன் விரல் ஒன்றால் நெம்பித் திறக்க வேண்டும், குரங்கால் முடியக்கூடாது. இது செய்ய முடியாத காரியம் அல்ல. அமெரிக்காவில் கரடி உள்ள காடுகளில் இப்படிப்பட்ட தொட்டிகள் வெகுகாலமாக இருக்கின்றன.

அந்த அமெரிக்கக் கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. எல்லோஸ்டோன் என்ற பெரிய வனப் பூங்காவில், ஓட்டல்களின் எச்சிலைக் கொட்டும் இடத்துக்குக் கரடிகள் வரும். அதை வேடிக்கை பார்க்கப் பெஞ்சு போட்டு, சுற்றுலாப் பயணிகளை உட்கார வைத்தே காட்டினார்கள். எச்சில் தின்று பழகிய கரடி மனிதனைக் கண்டு அஞ்சுவதை விட்டது. பலர் காயப்பட்டார்கள். கடைசியில் 1970 வாக்கில் அந்தக் குப்பை மேடுகளை மூடிவிட்டார்கள். மூடியதும் நிம்மதி வரவில்லை. பழகிய கரடிகள் தீனி தேடிக் கூடாரங்களுக்கு வந்தன. நிறையக் கரடிகள் கொல்லப்பட்டன. கரடி திறக்க முடியாத தொட்டிகள், எச்சிலை வெளியில் வைத்தால் தண்டனை, இவையெல்லாம் நிலைபெற்ற பிறகே நிலைமை மாறியது. ஒரு பிராணிக்கு எச்சிலைப் பழக்குவதற்குச் சில நாள் போதும். அந்தப் பழக்கத்தை மறக்கடிக்கப் பல வருஷங்கள் ஆகும். அதற்குள் எத்தனை உயிர் போகும் என்று யார் கணக்குச் சொல்வது?

மலையை விட்டுக் கீழே இறங்கினால் சிறுத்தை பயம் குறைகிறது, நாய் பயம் கூடுகிறது. திருப்பதியிலும் சித்தூரிலும் இரண்டாவது ஷிப்டு முடிந்து, கடை சாத்திவிட்டு, கடைசி வண்டியை அனுப்பிவிட்டு நள்ளிரவில் நடந்து வீடு போகிற நம்மவர்கள் அநேகர். அவர்களைக் கேட்டால் எந்தத் தெரு முனையில் எத்தனை நாய் என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்தத் தெரு முனையில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். திறந்த தொட்டி. நாய் தன் சாப்பாட்டைக் காவல் காக்கிறது, வழியில் போகிறவன் திருடனாகத் தெரிகிறான். கடித்துவிட்டால் வெறிநாய்க்கடி ஊசி உடனே போட்டாக வேண்டும். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிறகு பெரும்பாலும் பிழைப்பதில்லை. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றும்படி உத்தரவிட்டது. நல்லது. ஆனால் பிளாட்பாரத்துத் தொட்டியில் இட்லிப் பொட்டலம் திறந்து கிடக்கும் வரை, ஒரு நாயைக் கொண்டுபோனால் இன்னொன்று வந்து அந்த இடத்தில் படுத்துக்கொள்ளும்.

சித்தூரில் மாம்பழக் காலம் வந்தால் இன்னொரு தொல்லை. கிளிமூக்கு மாம்பழத்தின் தோலும் கொட்டையும் தொட்டிக்கு மேல் குவிந்து, மாடு ஒரு பக்கம், ஈ ஒரு பக்கம். மாடு தோலோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விழுங்குகிறது. மழை பெய்தால் மல்லாந்து கிடக்கும் மூடியிலேயே தண்ணீர் தேங்கிக் கொசு பிறக்கிறது. மூட வேண்டிய மூடியே நோய் வளர்க்கும் பாத்திரமாகிவிடுகிறது.

இந்த ஊருக்குப் புதிதாக வரும் தமிழனுக்கு ஒரு வேடிக்கை உண்டு. தெலுங்கில் குப்பை ‘செத்த’. குப்பைக்கூடை ‘செத்த புட்ட’, குப்பை வண்டி ‘செத்த பண்டி’. முதல் நாள் காலையில் ‘செத்த’ என்று கூவக் கேட்டு, யார் செத்தது என்று பதறி வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் ‘குப்பை செத்தை’ என்கிறோமே, அதே செத்தைதான். 2021 அக்டோபர் 2-ல் ஆந்திர அரசு தூய்மைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, நகரங்களில் வீட்டுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கூடைகள் கொடுத்தது. அதற்கு மாதக் கட்டணமும் வைத்தது. ‘செத்த பன்னு’ என்று ஜனங்கள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். 2024-ல் வந்த அரசு அந்த வரியை ரத்து செய்வதாக அறிவித்தது. வரி போயிற்று. கூடைகள் என்ன ஆயின? ஒன்றில் அரிசி, ஒன்றில் துவைக்கிற துணி, ஒன்றில் மண் போட்டுக் கருவேப்பிலைக் கன்று. எச்சில் மட்டும் பழையபடி தெரு முனைக்குப் பிளாஸ்டிக் பையில் போகிறது. நம்மவர்கள் இருக்கும் லைன் வீடுகளும் இதற்கு விலக்கு அல்ல.

மக்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் கையைக் கழுவிக்கொள்ளவும் கூடாது. நிரம்பி வழிகிற தொட்டியை எந்த யோக்கியனாலும் மூட முடியாது. காலையில் ஒரு தடவை வண்டி வந்தால் போதும் என்ற ஏற்பாடு, மலையடிவாரத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் பொருந்தாது. அங்கே பகல் முழுவதும் ஜனங்கள் சாப்பிடுகிறார்கள். நாயும் சிறுத்தையும் நடமாடுவது பொழுது சாய்ந்த பிறகு. ஆகவே மாலை வெளிச்சம் இருக்கும்போதே இரண்டாவது தடவை தொட்டியைக் காலி செய்ய வேண்டும். காலி செய்கிறவருக்குக் கையுறை வேண்டும். பொதுஜனம் கையால் தொடக் கூசுகிறார்கள் என்றால், காலால் மிதித்துத் திறந்து, விட்டதும் தானே விழுந்து மூடுகிற தொட்டி வையுங்கள். மிதிக்கட்டை உடைந்தால் ஒரு வாரத்தில் சரி செய்ய ஒரு ஆள் வேண்டும். தொட்டி வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், மூடியைப் பழுது பார்ப்பதற்கு ஒதுக்குவதாகத் தெரியவில்லை.

நம்மவர் பங்கும் ஒன்று இருக்கிறது. புரட்டாசி வந்தால் வேலூர், ஆற்காடு, திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் காட்பாடியில் வண்டியேறி, சித்தூர், பாகாலை வழியாகத் திருப்பதிக்கு வந்து இறங்குவார்கள். மஞ்சள் துணி கட்டி, கோவிந்தா போட்டு, நடந்தே மலையேற வேண்டும் என்று வேண்டுதல். அவர்கள் இரவு தங்குவது இங்கிருக்கிற மாமா வீட்டில், சித்தப்பா வீட்டில். விடியற்காலையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுப்பது அந்த வீட்டு அடுப்படி. பொட்டலம் கட்டுகிற கை அதோடு ஒரு வெறும் துணிப்பையையும் சேர்த்துக் கொடுக்கலாம். மிச்சமானால் அந்தப் பையில் போட்டு, வாயை முடிந்து, மூடியும் கொண்டியும் உள்ள தொட்டி கிடைக்கிற வரை சுமந்து போகட்டும். குரங்குக்குப் போட்டால் அனுமாருக்குப் போட்ட புண்ணியம் என்று சொல்கிற பாட்டிக்கு, 2023-ல் அந்த நரசிம்மர் கோயில் பக்கத்தில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளையைவிட அனுமார் பெரிதல்ல.

தேவஸ்தானமும் இரு ஊர் மாநகராட்சிகளும் புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு முன் ஒரு நாள் ஆள் அனுப்பி, அலிபிரி அடிவாரத்திலிருந்து மேலே வரையிலும், இரு ஊர் பஸ் நிலையங்களிலும் எத்தனை தொட்டிக்கு மூடி இருக்கிறது, எத்தனை மூடிக்குக் கொண்டி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கைப் பலகையில் எழுதி வைக்கட்டும்.